மஞ்சள் நுரைத்துண்டு பிறந்த கதை

அம்மாவுக்கு அப்போது 68 வயது. இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி. முதுகுத்தண்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஸ்கேன் மையத்தில் வளையல், கம்மல், சங்கிலி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி என் கைக்குட்டையில் வைத்தார். மூக்குத்தி மட்டும் அசையவில்லை. நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தி. தேங்காய் எண்ணெய் தடவி, திருகாணியை நகத்தால் நிமிண்டி நிமிண்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதில் அங்கிருந்தவர்கள் அவ்வளவு கண்டிப்பு. அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான்.

காது விஷயத்தில் அது இல்லை. "கொஞ்சம் சத்தம் வரும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி டெக்னீஷியன் இரண்டு பஞ்சுருண்டைகளை நீட்டினார். அம்மா அதை வாங்கிக் காதோரம் செருகிக்கொண்டார். 35 நிமிடம் கழித்து வெளியே வந்தவரிடம், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டபோது என் வாயைப் பார்த்தார். "காதுக்குள்ள சில்வண்டு கத்துதுடா" என்றார். அந்தச் சில்வண்டு அடங்க மறுநாள் சாயங்காலம் ஆயிற்று.

அம்மாவின் காதில் அன்று உண்மையில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கியது அப்படித்தான். விரல் நுனி அளவுள்ள ஒரு மஞ்சள் நுரைத்துண்டு. கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அது பிறந்த கதையைத் தேடிப் போனால், அது நோயாளிக்காகப் பிறந்ததே இல்லை என்று தெரிந்தது.

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்ளே ஒரு காந்தம், அதன் நடுவே ஒரு கம்பிச்சுருள். சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது காந்தம் அதைத் தள்ளுகிறது, இழுக்கிறது. சுருள் அதிர்கிறது, பாட்டு வருகிறது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளும் நடப்பது இதேதான். அங்கே இருக்கும் காந்தம் 1.5 டெஸ்லா என்றால், பூமியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. அதற்குள்ளே, படம் உடம்பின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டுவதற்காக வேறு சுருள்கள் உண்டு. நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பல தடவை அவற்றில் பாய்ந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் சுருள் உதறுகிறது. அது பதிந்திருக்கும் உருளை முழுவதும் அதோடு சேர்ந்து அதிர்கிறது. படுத்திருப்பவருக்குக் கேட்கும் டக் டக் டக், பிறகு திடீரென்று வரும் டிர்ர்ர், இடையில் ஒரு அமைதி, மறுபடி வேறொரு தாளம், எல்லாம் அந்த உதறல்தான். ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றின் வாய்க்குள்ளே நோயாளி படுத்திருக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

சாதாரணமாகவே இந்தச் சத்தம் 100 டெசிபலுக்குப் பக்கத்தில் வரும். 110-ஐத் தாண்டுவதும் உண்டு. 3 டெஸ்லா கருவிகளில் மிக வேகமாகப் படமெடுக்கும் முறைகளில் 120-க்கு மேலும் அளந்திருக்கிறார்கள். இந்த எண்களைச் சாதாரணக் கூட்டல் கணக்காகப் பார்க்கக் கூடாது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். அம்மா உள்ளே இருந்தது 35 நிமிடம்.

காதுக்குள் நத்தை ஓடு போல் சுருண்ட எலும்புக்குள்ளே ஒலியை உணரும் மயிரணுக்கள், பிறக்கும்போது ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பேரிரைச்சலில் அவை சோர்ந்து சாய்ந்துவிடும். ஓய்வு கிடைத்தால் பல மீண்டுவிடும். செத்தது செத்ததுதான், மனிதக் காதில் அது மறுபடி முளைப்பதில்லை. அம்மாவின் சில்வண்டு அந்தச் சோர்வின் குரல்.

சரி, இந்த நுரைத்துண்டு எங்கே பிறந்தது?

காதை அடைத்துக்கொள்ளும் எண்ணம் மனிதனுக்குப் புதிதல்ல. கிரேக்கக் காவியமான ஒடிசியில், மயக்கிக் கொல்லும் பாட்டைக் கேட்காமல் கப்பலைச் செலுத்திக்கொண்டு போக மாலுமிகளின் காதுகளில் மெழுகு வைத்து அடைப்பார்கள். பெர்லினில் மருந்தாளுநராக இருந்த மாக்ஸ் நெக்வெர் 1907-ல் அந்த மெழுகையே எடுத்துக்கொண்டு, பஞ்சோடும் வாசலினோடும் சேர்த்துக் காதுக்கான உருண்டை செய்தார். ஓரோபாக்ஸ் என்று பெயர் வைத்தார்: காதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லும் அமைதியைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் சேர்ந்தது. முதல் உலகப்போரில் பீரங்கிச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற வீரர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. இரைச்சல் என்றாலே உடம்பு கூசிய எழுத்தாளர் காஃப்காவும் அதை நம்பி வாழ்ந்தவர்களில் ஒருவர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைக்காக வி-51ஆர் என்ற மிருதுவான அடைப்பான் வந்தது. அதில் ஒரு தொல்லை இருந்தது. செருப்பைப் போல அதற்கும் அளவுகள் உண்டு. ஒருவருக்கே இரண்டு காதுக்கும் இரண்டு அளவு தேவைப்படலாம். யாராவது தெரிந்தவர் காதைப் பார்த்து அளவு சொல்ல வேண்டும். அளவு பெரிதானால் வலிக்கும், சிறிதானால் சத்தம் உள்ளே நுழைந்துவிடும். சத்தம் தண்ணீரைப் போன்றது. மயிரிழை இடுக்கு கிடைத்தாலும் போதும். வாயில் பஞ்சை வைத்துக் குடத்தை அடைத்தால் தண்ணீர் நிற்குமா? காதில் பஞ்சு வைப்பதும் அப்படித்தான்.

அளவுச் சிக்கலைத் தீர்த்த பொருள், காதைப் பற்றி யோசிக்காத ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் நேஷனல் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்றொரு நிறுவனம் இருந்தது. வெற்றிடத் தொழில்நுட்பத்தில் கைதேர்ந்தவர்கள். ஆரஞ்சுச் சாற்றைச் சுண்ட வைத்து உறைநிலையில் விற்கும் முறை உருவானதில் அவர்களுக்குப் பங்குண்டு. அங்கே 1967-ல் ராஸ் கார்ட்னர் என்பவரும் அவரது குழுவினரும் இணைப்புகளின் இடுக்குகளை அடைப்பதற்கான ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர்கள் கையில் விசித்திரமான ஒரு பிசின் கிடைத்தது. தட்டினால் துள்ளாது. அழுத்தினால் அழுந்தும், ஆனால் கையை எடுத்ததும் ரப்பர் போலச் சட்டென்று எழும்பாது. தூக்கத்திலிருந்து எழுபவரைப் போல மெதுவாக, நிதானமாகப் பழைய உருவத்துக்குத் திரும்பும். மேலே விழும் அதிர்ச்சியைத் தனக்குள்ளேயே வாங்கிக் கரைத்துவிடும். ஆற்றலை உள்வாங்கும் பிசின் என்ற பொருளில் எனர்ஜி அப்சார்ப்ஷன் ரெசின் என்று அழைத்தார்கள். மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் காது என்று வரும்.

அந்தப் பிசினை நுரையாக்கிக் காதடைப்பானாகச் செப்பனிட்டு 1972-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1974-ல் கார்ட்னர் பெயரில் காப்புரிமை கிடைத்தது. மஞ்சள் நிறம், சின்னச் சுண்ணக்கட்டி போன்ற உருவம்.

இதில் என்னை வியக்க வைப்பது அந்த மெதுவான எழுச்சிதான். சட்டென்று விரியும் நுரையாக இருந்திருந்தால் உருட்டிய கையிலிருந்து காதுக்குப் போவதற்குள்ளேயே பருத்துவிடும். விரியவே விரியாத களிமண்ணாக இருந்திருந்தால் காதின் வளைவுகளில் ஒட்டாது. இந்த நுரை அரை நிமிடம் பொறுக்கிறது. நாம் அதை மெல்லிதாக்கி உள்ளே வைக்கும்வரை காத்திருக்கிறது. வைத்த பிறகு விரிந்து, அந்தக் காது எப்படிப்பட்ட வளைவோடு இருந்தாலும் அதன் சுவரைத் தொட்டு நிற்கிறது. ஒரே அளவு, பெரும்பாலான பெரியவர்களின் காதுக்குப் போதும்.

அது வந்த காலமும் தோதாக அமைந்தது. 1970-ல் அமெரிக்காவில் தொழிற்கூடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து, 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்ற வரம்பு ஆலைகளுக்கு விதிக்கப்பட்டது. நெசவு ஆலை, உலோகத் தகடு அடிக்கும் பட்டறை, விமான நிலையம் என்று அந்த மஞ்சள் துண்டு பெட்டி பெட்டியாகப் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு அது தேவைப்படும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அமைதிக்குப் பெயர்போன இடம் அல்லவா அது.

அதே வருடங்களில்தான் எம்.ஆர்.ஐ.யும் கருக்கொண்டது. காந்தப்புலத்தைச் சாய்த்து, அணுக்கருக்கள் தரும் சைகையிலிருந்து படம் வரையலாம் என்று பால் லாட்டர்பர் 1973-ல் காட்டினார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977-ல் எக்கோ பிளேனார் என்ற அதிவேக முறையை முன்வைத்தார். மறு வருடம் தன் குழு கட்டிய கருவிக்குள் முதல் ஆளாகத் தானே போய் நின்றார். 2003-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்று நொடிக்கு நொடி பார்க்க முடிவதற்கு மான்ஸ்ஃபீல்டின் வேகம்தான் காரணம். அந்த வேகத்துக்கு விலை சத்தம். சுருள்களை எவ்வளவு விரைவாக மாற்றி மாற்றித் தட்டுகிறோமோ அவ்வளவு பேரிரைச்சல்.

1980-களில் இந்தக் கருவிகள் ஆஸ்பத்திரிகளில் நுழைந்தபோது எல்லாருடைய பயமும் காந்தத்தின் மேல் இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து வந்துவிடுமோ, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு என்னாகுமோ என்ற நியாயமான பயங்கள். சத்தத்தைப் பெரும்பாலும் ஓர் அசௌகரியமாகவே எண்ணினார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதோடு முடிந்தது.

அந்த எண்ணத்தை உலுக்கியது ஒரு சிறிய கட்டுரை. 1988-ல் ரேடியாலஜி இதழில் ப்ரம்மெட், டால்பட், சருஹாஸ் மூவரும் எழுதியது. ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் கேட்கும் திறனை அளந்து பார்த்தார்கள். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் உள்ளே போனவர்களில் 43 சதவீதம் பேருக்குத் தற்காலிகமாகச் செவித்திறன் குறைந்திருந்தது. காதடைப்பான் வைத்திருந்தும் சரியாகப் பொருந்தாதவர்களுக்கும் குறைந்திருந்தது. அதைப் படித்தபோது அம்மா என் வாயைப் பார்த்த அந்தக் கணம் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் நடந்தது பல்லாண்டுகளுக்கு முன்பே அளந்து, எழுதி, அச்சிட்டு வைத்த ஒன்று.

அதன்பின் விதிகள் வந்தன. எம்.ஆர்.ஐ. கருவிகளுக்கான சர்வதேசத் தரம், நோயாளியின் காதில் விழும் சத்தம் 99 டெசிபலைத் தாண்டக்கூடுமானால் செவிப்பாதுகாப்பு கட்டாயம் என்கிறது. உச்சத் தாக்கு 140 டெசிபலைத் தாண்டவே கூடாது என்கிறது. ஆலைக்காகப் பிறந்த மஞ்சள் துண்டு ஸ்கேன் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்கு அங்கே ஒரு பெரிய தகுதியும் இருந்தது: அதில் துளி உலோகம் இல்லை, காந்தம் அதைச் சீண்டாது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். உணவுத் தொழிற்சாலைகளுக்கென்று தனியாக ஒரு வகைக் காதடைப்பான் விற்கிறது. பெரும்பாலும் நீல நிறம். தவறி மாவிலோ பிஸ்கட்டிலோ விழுந்தால் கருவி கண்டுபிடிப்பதற்காக அதனுள் சிறு உலோகத் துண்டு வைத்திருப்பார்கள். வேலை செய்யும் இடத்திலிருந்து எடுத்துவந்ததைப் போட்டுக்கொண்டு ஸ்கேனுக்குப் போகக் கூடாது.

காதின் மேல் மாட்டும் ஹெட்ஃபோனும் பல மையங்களில் கொடுக்கிறார்கள். காந்த அறைக்குள் வழக்கமான ஸ்பீக்கரை வைக்க முடியாதே என்று தோன்றும். பல ஹெட்ஃபோன்களில் ஒலி டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பில் வருவதுபோலக் குழாய் வழியாகக் காற்றில் பயணம் செய்து வருகிறது. டெக்னீஷியன் பேசுவதும் பாட்டும் அதில் கேட்கும். நுரை உள்ளே, ஹெட்ஃபோன் மேலே என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது நல்லது. ஆனால் நுரை 29 டெசிபலும் ஹெட்ஃபோன் 25 டெசிபலும் குறைக்கும் என்றால், இரண்டும் சேர்ந்து 54 ஆகிவிடாது. இரண்டாவதால் கூடுதலாகக் கிடைப்பது சில டெசிபல்தான். காதின் வாசலை எவ்வளவு அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பு வழியாகக் கொஞ்சம் சத்தம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

கருவியையே அமைதியாக்கும் முயற்சிகளும் நடந்தன. இதில் மனதைத் தொடுவது மான்ஸ்ஃபீல்டின் பங்கு. அதிவேக முறையைக் கொடுத்த அவரே, பின்னாளில் சத்தத்தைக் குறைக்கும் வழி தேடி இறங்கினார். ஒரு சுருளின் தள்ளலை இன்னொரு சுருளின் எதிர்த்தள்ளல் விழுங்கும்படி கம்பிகளை அமைப்பது பற்றி 1995-ல் தன் குழுவோடு கட்டுரை எழுதினார். தோஷிபா நிறுவனம் சுருள்களைச் சுற்றிக் காற்றை உறிஞ்சிவிட்டு வெற்றிடம் வைத்தது. காற்று இல்லாத இடத்தில் சத்தம் நடக்க வழியில்லை. இன்னும் சில நிறுவனங்கள் மின்சாரத்தைச் சட்டென்று தட்டாமல் படிப்படியாக ஏற்றி இறக்கும் முறைகளைக் கொண்டுவந்தன. எல்லாம் நல்ல வேலை. ஆனாலும் நம் ஊரில் ஓடும் பல கருவிகள் பழையவை, எல்லா வகைப் படத்தையும் மெதுவாகத் தட்டி எடுத்துவிடவும் முடியாது. ஆகவே இன்றைக்கும் காதுக்கும் சத்தத்துக்கும் நடுவே நிற்பது அந்த நுரைதான்.

அது ஒழுங்காக நிற்கிறதா என்பதுதான் என் கவலை. மஞ்சள் துண்டின் அட்டையில் 29 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும். அது பரிசோதனைக்கூடத்தில், பார்த்துப் பார்த்துப் பொருத்தியபோது கிடைத்த எண். நடைமுறையில் நுரை அடைப்பானுக்கு அட்டையில் இருப்பதில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1998-ல் சொன்னது நியோஷ். மீதிப் பாதி எங்கே போகிறது? அவசரமாகச் செருகும் விரல்களில் போகிறது. மடிந்தும் சுருங்கியும் பாதி மட்டும் உள்ளே போன நுரையின் ஓரத்தில் சத்தத்துக்கு ஒரு வாய்க்கால் கிடைத்துவிடுகிறது. இந்தப் பொருள் தொழிற்சாலையில் முழுமை பெறுவதில்லை. காதில் வைக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் அது செய்து முடிக்கப்படுகிறது. அந்த அரை நிமிடத்தைக் கொடுக்கக் கூட்டம் நிறைந்த ஒரு மையத்தில் யாருக்கும் நேரம் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். மூக்குத்திக்குக் கால் மணி நேரம் காத்திருந்தார்களே.

தன் காது வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தவர் நடுவில் உதவிக்கு அழைக்கும் பெல்லை அழுத்த மாட்டார். பிறந்த குழந்தையின் காது இந்த நுரைக்கு மிகச் சிறியது. அதற்கென்று காதின் மேல் ஒட்டும் சின்ன மூடிகள் உண்டு, ஆனால் அவை குறைக்கும் சத்தம் சொற்பம், மேலே இன்னொரு தடுப்பும் வேண்டும். பால் குடிக்க வைத்து, துணியில் சுற்றித் தூங்க வைத்து, காதை மூடி, பிறகு ஸ்கேனுக்குள் அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களுக்கு என் வணக்கம்.

எட்டு மாதம் கழித்து அம்மாவுக்கு இரண்டாவது ஸ்கேன். இந்த முறை வேறு இடம். டெக்னீஷியனாக இருந்தது ஒரு சின்னப் பெண். மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு வந்திருந்தோம். அந்தப் பெண் ஒரு சிறிய உறையைக் கிழித்து மஞ்சள் துண்டை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, அவசரப்படாமல், சுருக்கம் விழாமல் உருட்டினார். சுண்ணக்கட்டி மெலிந்து மெலிந்து ஒரு குச்சியாயிற்று. பிறகு தன் கையை அம்மாவின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தார். வளைந்த காதுவழி நேராகட்டும் என்பதற்காக. குச்சியை உள்ளே விட்டு, விரலால் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்குள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது. முப்பதுவரை எண்ணியிருப்பார்.

அம்மா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "விளக்குத்திரி திரிக்கிற மாதிரில இருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை தோறும் பஞ்சை எடுத்துத் திரி திரித்துப் பழகிய விரல்கள் அவருடையவை.

"இன்னொண்ண நான் பண்ணவாம்மா?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டாவது துண்டைக் கொடுத்தார். அம்மா இரண்டு விரலால் நான்கு உருட்டு உருட்டினார். மடிப்பே இல்லாத மெல்லிய திரி. தானே காதை இழுத்து, தானே வைத்து, விரலை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அந்தப் பெண் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டி, மேசையை உள்ளே நகர்த்தினார்.